சடைச்சி

பழைய போடி ரயிலில் ஏறியவர்கள் நம்மில் இன்னும் எத்தனை பேர் மிச்சம் இருக்கிறோமோ தெரியவில்லை. உலகச் சண்டைக் காலத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்களே, அதற்கு முன்னால் ஓடிய ரயில். தேனி ஸ்டேஷனில் அது சீறிக்கொண்டு வந்து நிற்கும்போது வெளியே கட்டியிருக்கும் வண்டி மாடுகள் மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். கண்ணில் கரி விழாமல் அதில் போனவர்கள் யாரும் இருக்க முடியாது. என் கண்ணிலும் விழுந்தது. அத்தை தன் முந்தானை நுனியை நாக்கில் நனைத்து அதை எடுத்துவிட்டாள். இன்றைக்கும் அவள் முகத்தை நினைத்தால் முதலில் வருவது அதுதான். என் கண்ணுக்கு வெகு பக்கத்தில், மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிற முகம்.

அவள் அப்பாவின் கடைசித் தங்கை. தாயில்லாப் பிள்ளையை அப்பாதான் தோளில் போட்டு வளர்த்தார். அவளுக்குக் கல்யாணம் ஆனபோது எனக்கு ஒன்பது வயது இருக்கும். அனுமந்தன்பட்டியில் எங்களுக்கு ஆற்றுத் தண்ணீர் பாயும் வயலும், கொஞ்சம் வெற்றிலைக் கொடிக்காலும் இருந்தன. அவளைக் கட்டிய மாமாவும் நம் பக்கத்துக்காரர்தான், ஜெயமங்கலம். தாய் தகப்பன் கிடையாது. பள்ளிக்கூடப் படிப்பை முடித்துவிட்டு மன்னார்க் கடல் ஓரத்தில் ஒரு சங்குக் கிட்டங்கியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். கடலில் முங்கிச் சங்கு எடுப்பவர்கள் கொண்டுவந்து போடுவதைச் சின்னது பெரியது பிரித்து, கழுவிக் காயவைத்து, உள்ளே அடுக்க வேண்டும். அதுதான் உத்தியோகம்.

நல்ல நாள் பெரிய நாளுக்கு மட்டும் வந்து போய்க்கொண்டிருந்தவர், அந்தத் தைப் பொங்கலுக்கு வந்தபோது, வீடு பார்த்துவிட்டேன், கூட்டிப் போகிறேன் என்றார். அத்தை அப்போது பிள்ளை உண்டாகியிருந்தாள். அப்பாவுக்கு மனசே இல்லை.

“தெரியாத ஊர்ல பொழுதன்னிக்கும் ஒத்தையில எப்பிடி இருப்பா? இந்தக் கழுதையும் கூடப் போகட்டும், தொணைக்கு” என்று என்னைக் காட்டினார்.

அப்படித்தான் நான் கடலுக்குப் போனேன்.

கடலைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் அதன் நாற்றம் வந்துவிட்டது. கிட்டங்கிக்குப் பின்னால் பனைமட்டை வேலி கட்டிய முற்றத்தில் சங்குகளைக் குவித்து வைத்திருப்பார்கள். உள்ளே இருக்கும் சதை அழுகிக் கழன்று விழுந்த பிறகுதான் கழுவுவார்கள். அதுவரை ஈ மொய்க்கும். அந்த வேலியை ஒட்டித்தான் எங்கள் வீடு. பனையோலைக் கூரை, மணல் தரை. படுத்தால் காதுக்கடியில் அலை புரளும். குடிதண்ணீருக்கு மணலில் பள்ளம் தோண்டி, ஊறி வருகிறதைத் தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தை நிறைக்க வேண்டும். முல்லையாற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த வாய்க்கு அது இறங்கவில்லை.

“இந்தத் தண்ணி வாயில வச்சா அழுதுட்டு நாக்கை நக்குன மாதிரி இருக்குடி” என்பாள் அத்தை. சொல்லும்போதே அழுவாள். மாமா பக்கத்தில் நின்று என்ன செய்வதென்று தெரியாமல் கையைப் பிசைவார். அவர் அதிகம் பேசாத மனுஷர். அவளுக்குப் பொழுது போகட்டும் என்று வேலை முடிந்து வரும்போது ஏதாவது எடுத்துவருவார். வரி வரியான சிப்பி, மயிலிறகு நிறத்தில் ஒரு மீன், கையில் வைத்தால் பாதத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும் நத்தை. அத்தை ஏறிட்டுப் பார்த்துவிட்டு அடுப்பை ஊதுவாள்.

ஒருநாள் சங்கு குளிக்கிற ஒரு பெரியவர் ஈரத்துணியோடு நேரே எங்கள் வாசலுக்கு வந்தார். கையில் கடல் விசிறி ஒன்று. விசிறி என்றுதான் அங்கே சொல்வார்கள். செடி மாதிரி இருக்கும், ஆனால் செடி இல்லை. தண்ணீருக்கு அடியில் பாறையில் நட்டுவைத்தது போல நிற்குமாம். அதன் கிளையில் கறுப்பும் வெளுப்புமாக ஏதோ ஒரு முடிச்சு. யாரோ வேரைப் பிடுங்கிச் சுருட்டிக் கட்டிவைத்தது மாதிரி, என் அப்பாவின் முஷ்டி அளவுக்கு இருந்தது.

“ஆத்தா, சும்மா தொட்டுப் பாருங்க. கடிக்காது. உசிரோடதான் இருக்கு” என்றார்.

அத்தை பின்னால் போனாள். நான் தொட்டேன். சொரசொரவென்று நனைந்த தேங்காய் நார் போல இருந்தது. என் விரல் பட்டதும் அந்த முடிச்சு இன்னும் கொஞ்சம் இறுகியது. அதற்கு என்ன பேர் என்று மாமா கேட்டார்.

“பேரென்ன பேரு, ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாக. இது பகல்ல தூங்கும். பொழுது சாஞ்சாத்தான் கைய நீட்டும். அந்தக் கல்லுக் குழியில போட்டுவைங்க, தெரியும்.”

கிட்டங்கிக்கு முன்னால், ஒரு காலத்தில் தோணி அணைந்த பழைய கல்பாலம் ஒன்று இடிந்து கடலுக்குள் சரிந்து கிடந்தது. கற்களுக்கு நடுவே ஆளிறங்கும் அளவுக்கு ஒரு குழி. கடல் வற்றும்போதும் அதில் தண்ணீர் நிற்கும். ஏறும்போது அலை உள்ளே வந்து போகும். மாமா விசிறியின் அடியைக் கல்லிடுக்கில் செருகி நிறுத்தினார்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு அத்தையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. வெளிச்சம் மங்கி, குழிக்குள் கல்லும் தண்ணீரும் ஒரே நிறமானபோது அந்த முடிச்சில் ஒரு நுனி அவிழ்ந்தது. சுரைக்கொடியின் பற்றுச் சுருள் இருக்கிறதே, அதே மாதிரி. அப்புறம் இன்னொன்று. நடுவிலிருந்து ஐந்து கை கிளம்பி, ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிந்து, அதுவும் இரண்டாகப் பிரிந்து, பிரியப் பிரிய மெலிந்து, கடைசியில் நூல் நூலாக, மயிர் மயிராகத் தண்ணீரில் நின்றது. முறம் அகலத்துக்கு ஒரு கூடை. அலை உள்ளே வரும் பக்கமாக அந்தக் கூடை வாயைத் திறந்து காத்திருந்தது.

“ஏ ஆத்தே!” என்றாள் அத்தை. நாங்கள் அந்த ஊருக்கு வந்த பிறகு அவள் சந்தோஷமாகச் சொன்ன முதல் வார்த்தை அது. “தலைய விரிச்சுப் போட்டிருக்காடி. சடைச்சி!”

அன்றிலிருந்து அதற்குப் பேர் சடைச்சி.

கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீந்துகிற கூனி இறால் பொடிகள்தான் அதற்கு இரை. ஒரு பொடி மேலே பட்டால் போதும், அந்த நூல் நுனி சட்டென்று சுருண்டு முடிச்சுப் போட்டுக்கொள்ளும். அப்புறம் அவசரமே இல்லாமல் அந்தக் கையை மடக்கி, அடியில் நடுவே இருக்கிற வாய்க்குக் கொண்டுபோகும். பக்கத்துக் கை அசையாமல் அப்படியே நிற்கும். நான் விரலை விட்டால் விரலையும் பற்றும். பார்வைக்குத் தெரியாத கொக்கிகள் தோலில் மாட்டி, இழுத்தால் விட்டுவிடும். மாமா லாந்தரைத் தூக்கிக்கொண்டு எங்களைத் தேடி வந்தால் வெளிச்சம் பட்டதும் சுருங்க ஆரம்பித்துவிடும்.

“விளக்கைக் கீழ வைங்க! அவளுக்குக் கூச்சம்” என்று அத்தை அதட்டுவாள். மாமா சிரித்துக்கொண்டு லாந்தரைக் கல்லுக்குப் பின்னால் வைத்துவிட்டு எங்களோடு உட்காருவார். மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருப்போம்.

அந்தப் பருவம் முழுக்க எங்கள் அந்திப் பொழுது அந்தக் குழியோரத்தில் கழிந்தது. ஒரு தோணிக் கயிறு உரசி அதன் ஒரு கை ஒடிந்துபோனபோது அத்தை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. போகப் போக, ஒடிந்த இடத்தில் பாசிப்பயறு முளைவிட்ட மாதிரி வெளுப்பாக ஒரு நுனி கிளம்பியது. அதைப் பார்த்துவிட்டு அவள் மாமாவின் தோளைத் தட்டிக் காட்டினாள். அவளுக்கு வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. கல்லில் சாய்ந்து உட்கார்ந்து, வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு, ஒருநாள் என்னிடம் சொன்னாள்:

“எம் பிள்ளையும் உள்ள இப்பிடித்தாண்டி கையக் கால மடக்கி வச்சுக்கிட்டு இருக்கும். வெளிய வந்துதான் விரிக்கும்.”

வைகாசி பிறந்ததும் சோளகக் காற்று எழும்பியது. தெற்கே இருந்து வீசும் அந்தக் காற்றில் கடல் நிறம் மாறி, மண்ணைக் கிளறிக்கொண்டு வரும். சங்குக் குளிப்பை நிறுத்திவிட்டார்கள். இரண்டு நாள் நாங்கள் கதவைத் திறக்கவில்லை. காற்று அடங்கிய பிறகு போனால் குழியே இல்லை, மணல் மூடிக் கிடந்தது. விசிறி முறிந்து போயிருந்தது. கரையில் பாசியோடு பாசியாக, பாதி விரிந்து பாதி மூடி, சடைச்சி செத்துக் கிடந்தாள்.

அத்தை தேம்பித் தேம்பி அழுதாள். மாமா அதை எடுத்து, பாசியைப் பிரித்து, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் பல நாள் காயவைத்தார். காயக் காய அது சருகு நிறமாகி, தட்டினால் ஓட்டாஞ்சில்லு மாதிரி சத்தம் கொடுத்தது. ஓலைப் பெட்டி ஒன்றில் பஞ்சு பரப்பி அதில் வைத்து மூடி அத்தையிடம் கொடுத்தார்.

“எங்க அண்ணனும் மதினியும் கடலையே பாத்ததில்ல. இதையாச்சும் காட்டணும்” என்றாள் அத்தை. அதற்காகத்தான் அந்தப் பெட்டி ஊருக்கு வந்தது. வேறு எதற்காகவும் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிரசவத்துக்காக மாமா எங்களை ஆனி மாதம் கொண்டுவந்து விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பிப் போனார். ரயிலிலும் வண்டியிலும் வந்த அலுப்பில் அத்தைக்குக் கால் இரண்டும் வீங்கிப்போயிருந்தன. காய்ச்சலும் கண்டது. வந்தவள் படுத்துவிட்டாள். ஓலைப் பெட்டி கட்டிலுக்கடியில் போனது. அம்மா கஷாயம் வைப்பதும் ஒத்தடம் கொடுப்பதுமாக இருந்தாள். அப்பாவுக்கு நடவு வேலை. யாருக்கும் பெட்டியைத் திறந்து பார்க்கிற நேரம் வரவில்லை.

ஆடியில் ஆறு நுரைத்துக்கொண்டு ஓடியது. குறைமாதத்திலேயே அத்தைக்கு வலி வந்துவிட்டது. காலையில் பிறந்த ஆண் பிள்ளை. அழுகைச் சத்தம் பூனைக்குட்டி மாதிரி இரண்டு முறை கேட்டது. சாயங்காலம் அப்பா ஒரு வெள்ளைத் துணி மூட்டையைக் கையில் ஏந்திக்கொண்டு வாய்க்கால் கரைப் பக்கம் நடந்து போனார். பின்னால் மண்வெட்டியோடு பண்ணையாள் போனார்.

மறுநாள் அறையைக் கழுவ வந்த மருத்துவச்சி கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியை இழுத்துத் திறந்தாள். அவள் போட்ட கூச்சலில் அடுத்த தெருவிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். பெட்டியை முற்றத்தில் தள்ளிவிட்டு எல்லோரும் தூர நின்றார்கள். நம் ஊரில் யார் அதைக் கண்டிருக்கிறார்கள்? வேர் மாதிரி, மயிர் மாதிரி, குட்டிப் பாம்புகளை உயிரோடு பின்னிக் காயவைத்த மாதிரி இருந்த அதைப் பார்த்து எங்கள் அம்மா வாயில் துணியை வைத்துக்கொண்டாள்.

“என்னதுடி இது? யாரு வச்சது?” என்று அப்பா என்னைப் பிடித்து உலுக்கினார். அத்தை காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தாள். கேட்பதற்கு நான் ஒருத்திதான் இருந்தேன்.

எனக்குப் பயமே இல்லை. தெரிந்ததைச் சொல்ல ஏன் பயப்பட வேண்டும்?

“அது சடைச்சிப்பா. மாமா பெட்டியில வச்சுக் குடுத்தாக.”

“சடைச்சியா?”

“ஆமா. பகல்ல தூங்கும். பொழுது சாஞ்சா கைய விரிக்கும். வெளக்கக் கண்டா சுருங்கிரும். அத்தை தெனம் அதப் பாத்துக்கிட்டே இருப்பாக. வயித்துல இருக்க பாப்பாவும் இது மாதிரித்தான் இருக்கும்னு சொன்னாக.”

மருத்துவச்சி, “ஆத்தாடி, வாயத் தெறந்து சொல்லுதே பிள்ளை” என்று முனகினாள்.

நீங்களும் பிள்ளை குட்டி பெற்றவர்கள். பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த வீட்டில் நின்று அந்த வார்த்தைகளைக் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றும் நிஜம். நான் ஒரு சொல்லைக்கூடக் கூட்டவில்லை. அப்பாவை இப்போது என்னால் கோபித்துக்கொள்ள முடியாமல் இருப்பதற்கு அதுதான் காரணம். இருளில் விரிகிற ஒன்று, வெளிச்சத்துக்கு அஞ்சுகிற ஒன்று, பெண் பேர் உள்ள ஒன்று, அவர் தங்கையின் வயிற்றைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது. கொண்டுவந்து கொடுத்தது மாப்பிள்ளை. வேறு என்ன நினைப்பார்?

குமுளிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மாந்திரீகரைக் கூட்டிவந்தார்கள். அவர் பாதி மலையாளமும் பாதித் தமிழுமாகப் பேசினார். பெட்டியைத் தொடாமல் சுற்றி வந்து பார்த்துவிட்டு, பெண்ணின் தலைமுடியையும் ஏதோ வேரையும் சேர்த்துக் கட்டியது என்றார். கரு தங்கவிடாமல் செய்வதற்காம். திரும்ப அங்கே போனால் உயிருக்கே மோசம் என்றார். வேப்ப விறகு அடுக்கி முற்றத்திலேயே அதை எரித்தார்கள். அது லேசில் எரியவில்லை. பட்பட்டென்று வெடித்து, சுண்ணாம்பாகி, எலும்பு தீய்கிற வாடை அடித்தது. அந்த வாடையும் சேர்ந்து அவர் சொன்னதற்குச் சாட்சி ஆகிவிட்டது.

இராமநாதபுரம் பக்கம் வெற்றிலைக் கட்டு அனுப்புகிற வியாபாரி ஒருவர் எங்களுக்குப் பழக்கம். அவர் மூலமாக அப்பா மாமாவுக்குச் சொல்லி அனுப்பினார்: பிள்ளை போய்விட்டது, நீ வைத்ததை எரித்துவிட்டோம், இனி இந்தப் பக்கம் வராதே.

மாமா வந்தார்.

காலை வெயில் ஏறிய நேரம். உத்தமபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தே வந்திருக்கிறார். முழங்கால் வரை புழுதி. கண் உள்ளே போயிருந்தது. தோளில் ஒரு கித்தான் பை. அப்பா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். நான் உள்ளே அத்தையோடு இருந்தேன். அவளுக்குக் காய்ச்சல் இறங்கி, எழுந்து உட்காரும் அளவுக்குத் தேறியிருந்தாள். ஜன்னல் பலகை இடுக்கு வழியாக எனக்கு முற்றம் தெரிந்தது.

“மச்சான், நான் எம் பிள்ளை மொகத்தக்கூடப் பாக்கல” என்றார் மாமா. “நான் போயி அதுக்குக் கெடுதல் செய்வேனா?”

“அந்தப் பெட்டியில இருந்தது என்ன?”

“அது கடல்ல கெடக்கிற உசிரு மச்சான். நண்டு, மீனு மாதிரி. வலையில ஏறும், பாறையில ஒட்டிக்கிட்டு இருக்கும். அங்கன அத யாரும் ஒரு பொருளா மதிக்கிறதில்ல. நம்ப மாட்டீகன்னுதான்...” என்று சொல்லிக்கொண்டே பையை அவிழ்த்தார். உள்ளேயிருந்து இன்னொன்றை எடுத்தார். எங்களுடையதைவிடப் பெரியது, நன்றாகக் காய்ந்தது. எல்லோரும் பார்க்கட்டும் என்று இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார்.

கூட்டம் சிதறியது. “ஒண்ணு பத்தாதுன்னு இன்னொண்ணையும் கொண்டாந்திருக்கான்டா!” என்று யாரோ கத்தினார்கள்.

மாமா திகைத்துப்போய் நின்றார். தான் கொண்டுவந்த சாட்சியே தனக்கு எதிராகத் திரும்பியதை அவர் அப்போதுதான் உணர்ந்திருக்க வேண்டும். அப்புறம் அவர் செய்ததை நான் யாரிடமும் அதிகம் சொன்னதில்லை. அதில் ஒரு கையை ஒடித்தார். வாயில் போட்டு மென்றார்.

“பாருங்க மச்சான். இதுல ஒண்ணுமே இல்ல. இந்தாங்க, நான் திங்கிறேன், பாருங்க.”

காய்ந்து கல்லான அந்த நுனிகள் அவர் ஈறைக் கிழித்துவிட்டன. உதட்டோரம் இரத்தம் வழிந்தது. அதோடு மென்றுகொண்டே நின்றார். வேண்டாம் என்று சொல்லக்கூட அங்கே யாரும் இல்லை.

“வச்சவனுக்கு அது ஒண்ணும் பண்ணாதுல்ல” என்றார் ஒருவர்.

நான் ஓடிவந்து அத்தையின் கையைப் பிடித்தேன். “அத்தே, மாமா வந்திருக்காக. வாயில ரத்தம் வருது. வா, நீ சொல்லு. நீ சொன்னா எல்லாரும் கேப்பாக.”

வெளியிலிருந்து மாமாவின் குரலும் வந்தது. “இந்தா, நான் வந்திருக்கேன். ஒரு வார்த்தை வந்து சொல்லு.”

அத்தை எழுந்திருக்கவில்லை. பால் கட்டி நனைந்திருந்த மாராப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். என் மணிக்கட்டை அவள் பிடித்த பிடி வலித்தது.

“நான் அதயவே பாத்துக்கிட்டு இருந்தேன்லடி” என்றாள். “புள்ளைய வயித்துல வச்சுக்கிட்டு, தெனம், அதயவே பாத்துக்கிட்டு இருந்தேன்ல.”

எனக்கு அன்றைக்கு அது விளங்கவில்லை. அவளை அப்பா தடுத்துவைத்திருக்கிறார் என்றுதான் ரொம்ப காலம் ஊரும் நினைத்தது, நானும் நினைத்தேன். அறைக் கதவு திறந்துதான் கிடந்தது.

மாமா உச்சிவரை முற்றத்து வெயிலில் நின்றார். அம்மா யாரையும் கேட்காமல் ஒரு செம்பில் மோர் கொண்டுபோய்க் கொடுத்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டுக் குடித்தார். செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு அம்மாவைக் கும்பிட்டார். கொண்டுவந்ததைப் பையில் போட்டுக்கொண்டு வந்த வழியே போனார். அவர் தெரு முனை திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டு இருந்தேன். திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு சண்டை வந்தது. ரயில் நின்றது. மண்ணெண்ணெய்க்கும் அரிசிக்கும் ஊரெல்லாம் அலைந்தோம், உங்களுக்கே தெரியும். அத்தை எங்கள் வீட்டிலேயே இருந்தாள். நடவுக்குப் போனாள், கொடிக்காலில் வெற்றிலை கிள்ளினாள், என் தம்பிகளைக் குளிப்பாட்டினாள். தாலியைக் கழற்றவில்லை. அறுத்துக்கட்டலாம், வேறு இடம் பார்க்கலாம் என்று அப்பா ஒருமுறை பேச்செடுத்தபோது சாப்பிட்ட கையோடு எழுந்து போய்விட்டாள். என்னைச் சுருளிப்பட்டியில் கட்டிக்கொடுத்தார்கள்.

தலைப்பிரசவத்துக்கு நான் வீட்டுக்கு வந்திருந்தபோது எனக்கு எண்ணெய் தேய்த்துவிட்டவள் அவள்தான். அப்போது துணிந்து கேட்டேன்.

“அத்தே, மாமா செஞ்சிருப்பாகன்னு நீ நெசமாவே நம்புனியா?”

என் முதுகில் அவள் கை நின்றது.

“அப்ப எனக்கு ஒண்ணும் தெரியலடி. ஏன் பிள்ளை போச்சுன்னு ஒரு காரணம் வேணும்னு இருந்துச்சு. அது கெடச்சுது, பிடிச்சுக்கிட்டேன். பெறகு ஒடம்பு தேறிச்சு. வயக்காட்டுக்குப் போறப்ப வாரப்ப யோசிச்சுப் பாத்தேன். அந்தச் சீவன் யாருக்கு என்ன செஞ்சது? அவுகதான் என்ன செஞ்சாக?”

“அப்பச் சொல்லியிருக்கலாம்ல?”

“இன்னொரு தடவ வருவாகன்னு பாத்தேன்” என்றாள். “அவுக கூப்புட்டப்ப நான் போகல. நான் போகலாம்னு இருந்தப்ப அவுக வரல. திரும்பு, இந்தத் தோள்ல தேய்க்கணும்.”

சண்டை முடிந்த பிறகு அப்பா இராமேசுவரத்துக்குப் போனார், தாத்தாவுக்குத் திதி கொடுக்க. அவர் கடலைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அங்கே நடந்ததை அவர் அம்மாவிடம் சொன்னார். அம்மா எனக்குச் சொன்னாள். குளித்துவிட்டுக் கரையோரமாக நடந்தபோது வலைகளை உதறிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். ஒரு வலையில் அது சிக்கியிருந்தது. வலைக்காரர் பிரித்தெடுக்கப் பார்த்து, முடியாமல், குதிகாலால் மிதித்து நொறுக்கி, கொத்துக் கொத்தாகப் பிய்த்து மணலில் எறிந்தாராம். சுற்றிலும் அப்படி எறிந்தவை நிறையக் கிடந்தன. நாய் ஒன்று முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது.

“இது என்னப்பா?” என்று அப்பா கேட்டிருக்கிறார்.

“ஒண்ணுக்கும் ஆகாததுங்க. வலையக் கெடுக்கும்” என்றாராம் அந்த ஆள்.

அப்பா அந்த மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். உடன் போனவர்கள் மயக்கம் என்று நினைத்து முகத்தில் தண்ணீர் தெளித்தார்களாம். மறுநாள் அவர்களை ஊருக்கு அனுப்பிவிட்டு, தான் மட்டும் விசாரித்து விசாரித்துக் கிட்டங்கி இருக்கும் ஊருக்குப் போயிருக்கிறார்.

அவர் திரும்பி வந்த அன்று நான் அங்கே இருந்தேன். முற்பகல் நேரம். அத்தை முற்றத்தில் வெற்றிலையை நனைத்துக் கட்டுக் கட்டாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா கால்கூடக் கழுவாமல் அவளுக்கு எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தார்.

“தாயி, நான் கிட்டங்கிக்குப் போயிருந்தேன்.”

அத்தை நிமிர்ந்தாள். எங்களையும் பார்த்தாள்.

“இருக்காகளா?”

“இருக்காரு. தலை நரைச்சுப் போச்சு. என்னைக் கண்டதும் எந்திரிச்சு நின்னாரு. உள்ள கூட்டிட்டுப் போயி உக்கார வச்சாரு. ஒரு பொம்பள தண்ணி கொண்டாந்து குடுத்துச்சு. வாசல்ல ஒரு சின்னப் பிள்ளை வெளாண்டுக்கிட்டு இருந்துச்சு.”

“அவுக பிள்ளையா?”

“ஆமா. பொட்டப் புள்ள.”

அத்தை ஒரு வெற்றிலையை எடுத்து, கிழிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“நீ நல்லா இருக்கியான்னு கேட்டாரு” என்றார் அப்பா. “இருக்கான்னு சொன்னேன். வேற என்ன சொல்லுவேன்? நான் தப்புப் பண்ணிட்டேன் தாயி. பாவி நான்...” அத்தனை பெரிய மனுஷன் எங்கள் முன்னால் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

அத்தை அவர் அழுது முடிக்கட்டும் என்று இருந்தாள். பிறகு கேட்டாள்:

“அந்தப் பிள்ளை பேரு என்னண்ணே?”

அப்பா துண்டை எடுத்துவிட்டு விழித்தார். “பேரா? கேக்கலையே தாயி.”

“கேட்டுட்டு வந்திருக்கலாம்லண்ணே” என்று சொல்லிவிட்டு, அவள் அந்த வெற்றிலையைக் கட்டோடு சேர்த்து வைத்தாள்.

அப்பாவை அத்தை குறை சொன்னது, என் காதுபட, அந்த ஒரு தடவைதான்.